நாய் படம் போட்ட பெட்டி எல்லாம் பாடுமா?

புனே பழைய சந்தையில் பளபளக்கும் போலி கிராமபோன்கள்

புனே மங்கள்வார் பேட்டையில் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கூடும் "ஜுனா பஜார்" இங்குள்ள தமிழர்களுக்குப் புதிய இடம் அல்ல. "ஜுனா" என்றால் "பழைய" என்று பொருள். பழைய பூட்டு முதல் பித்தளை விளக்கு வரை அங்கே தரையில் பரப்பி வைத்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட பழைய சாமான் சந்தைகளில் ஒரு பொருள் தூரத்திலேயே கண்ணைப் பறிக்கும். ஊமத்தம்பூவைப் போல விரிந்த பித்தளைக் குழாய். கீழே மரப்பெட்டி. பெட்டியின் முகப்பில், பாட்டுக் கேட்கும் நாயின் படம்!

"எச்.எம்.வி. கிராமபோன். வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு" என்பார் விற்பவர். சாவி கொடுத்துப் பாடவும் வைப்பார். கையில் போனஸ் பணம் இருந்தால் ஆசை வந்துவிடும்.

அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். இந்தப் பெட்டிகளில் பல, வெள்ளைக்காரன் காலத்தைக் கண்ணால் கூடப் பார்த்தவை அல்ல.

வீணான தட்டு

கிர்க்கியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் அப்படி ஒரு பெட்டியை வாங்கினார். அவருடைய தகப்பனார் நெல்லைப் பக்கம் டீக்கடை வைத்திருந்தவர். கடையும் போயிற்று, பாட்டுப் பெட்டியும் போயிற்று. இசைத்தட்டுகள் மட்டும் மிஞ்சின.

ஊரில் இருந்து வந்த தாயாருக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்று கே.பி.சுந்தராம்பாள் பாடிய தட்டை வைத்தார். பாதிப் பாட்டில் குரல் இழுத்தது, முனகியது, நின்றது. மறுபடி சாவி கொடுத்தார். நான்கு முறை போடுவதற்குள் கறுப்புத் தட்டில் சாம்பல் நிறக் கோடு விழுந்தது. குரல் போய் இரைச்சல்தான் மிஞ்சியது.

தாயார் சொன்னார்: "நம்ம பெட்டி இப்படி இல்லப்பா. அதுல நாயும் கிடையாது, குழாயும் கிடையாது. ஆனா நல்லாப் பாடும்."

நாயின் கதை

அந்த நாயின் கதையே வேடிக்கையானது. அதன் பெயர் நிப்பர். இங்கிலாந்து ஓவியர் பிரான்சிஸ் பாராட் அதை வரைந்தபோது, நாயின் எதிரே இருந்தது எடிசன் முறையில் உருளை சுழலும் போனோகிராப். அதற்குப் பித்தளைக் குழாய் இருந்தால் படம் எடுப்பாக இருக்கும் என்று, ஒரு குழாயை இரவல் கேட்டு கிராமபோன் கம்பெனிக்குப் போனார். "பழைய எந்திரத்தை அழித்துவிட்டு எங்கள் எந்திரத்தை வரைந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம்" என்றார் மேனேஜர். 1899-ம் ஆண்டு பாராட் அப்படியே மாற்றி வரைந்து கொடுத்தார். விலை 100 பவுன். ஆக, உலகப் புகழ் பெற்ற அந்தப் படத்திலேயே ஒரு பெட்டியின் மேல் இன்னொரு பெட்டி ஏறி உட்கார்ந்திருக்கிறது!

அந்தக் கம்பெனி 1902-ல் கல்கத்தாவில் கவுகர் ஜான் பாட்டைப் பதிவு செய்தது. 1908-ல் அங்கே சியால்டாவில் தட்டு தயாரிக்கும் தொழிற்சாலையைத் தொடங்கியது. "நாய் மார்க்" நம் நாட்டில் வீட்டுப் பெயர் ஆகிவிட்டது.

பெயர் இல்லாத பெட்டி

பெரிய கம்பெனியைப் பார்த்துச் செய்வது அன்றும் உண்டு. அமெரிக்காவில் தட்டு எந்திரத்தின் முக்கிய காப்புரிமை 1912-ல் முடிந்ததும் புதுப் புதுக் கம்பெனிகள் முளைத்தன. "விக்ட்ரோலா" என்ற பெயர் புகழ் பெற்றதால், "ஓலா" என்று முடியும் பெயர்கள் பெருகின.

சுவிட்சர்லாந்தில் செயின்ட் குரோவா என்ற மலையூரில் தோரன்ஸ், பையார் கம்பெனிகள் மோட்டாரும் சவுண்ட் பாக்சும் செய்து பல நாடுகளுக்கும் அனுப்பின. அத்தகைய மோட்டாரை வாங்கி, உள்ளூர்த் தச்சர் செய்த பெட்டியில் பொருத்தி, ஏதோ ஒரு பெயரில் விற்றவர்கள் உண்டு. நாய் மார்க் வாங்க வசதி இல்லாதவர்களுக்குப் பாட்டுக் கேட்க வழி செய்தவை இந்தப் பெட்டிகள். வடிவம் பிறருடையது என்றாலும் வேலை சுத்தம்.

இன்றைய போலி அப்படி அல்ல. பழைய கைப்பெட்டியை உடைத்து மோட்டாரை எடுக்கிறார்கள். புதுப்பெட்டியில் வைத்து, புதுப் பித்தளைக் குழாயை மாட்டி, நாய் படத்தை ஒட்டுகிறார்கள். நன்றாகப் பாடக்கூடிய ஒரு பெட்டி செத்து, அலங்காரப் பொம்மை ஒன்று பிறக்கிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் திருகாணிகளைப் பாருங்கள். தலையில் சிலுவை போல் வெட்டு இருந்தால் அது 1930-க்குப் பிறகு வந்த வகை. குழாய் வைத்த பெட்டிகளின் காலம் அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிட்டது.

அசல் குழாய்களில் பல, பெயிண்டு அடித்த இரும்புத் தகடு; சில மரம். குழாய் முழுவதும் மெல்லிய பித்தளையாக மின்னினால் சந்தேகப்படுங்கள். எட்டு மூலைப் பெட்டி என்றால் இன்னும் சந்தேகம்.

ஊசி பிடிக்கும் கை, அசலில் சீராகப் பெருத்துக்கொண்டே போகும். போலியில் தண்ணீர்க் குழாயை வளைத்து ஒட்டியது போல் இருக்கும். அது தடையின்றித் திரும்பாவிட்டால் ஊசி தட்டைச் சுரண்டிவிடும்.

வேகத்தையும் சோதிக்கலாம். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துச் சுற்றுகளை எண்ணுங்கள். 10 விநாடியில் 13 சுற்று வந்தால், நிமிடத்துக்கு 78; சரியான வேகம். ஒரு முறை சாவி கொடுத்தால், மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் ஒரு பக்கம் முழுவதும் ஓட வேண்டும்.

வீட்டில் உள்ள அருமையான தட்டை வைத்து எந்தப் பெட்டியையும் சோதிக்காதீர்கள். பழைய தட்டுகள் அரக்கு கலந்து செய்தவை. ஒரு பக்கத்துக்கு ஒரு புது ஊசி என்பதே அன்றைய வழக்கம்.

அழகுக்கு வைக்கத்தான் என்றால் போலியை வாங்குவதில் தவறு இல்லை. அதற்குரிய விலை கொடுத்தால் போதும். பழம்பொருள் விலை கொடுக்க வேண்டாம்.

கிர்க்கித் தமிழர் பிறகு பெயர் தெரியாத பழைய கைப்பெட்டி ஒன்றை வாங்கி, புது ஸ்பிரிங் போட்டார். பித்தளைக் குழாய்க்காரன் இப்போது அலமாரி மேல் சும்மா இருக்கிறான். மிஞ்சிய தட்டுகளைக் கைப்பெட்டியில் போட்டுத் தாயார் கேட்கிறார். சுந்தராம்பாள் தட்டு மட்டும் உறையில் கிடக்கிறது. அதை எந்தப் பெட்டியாலும் இனிப் பாடவைக்க முடியாது.