வன்காந்தம்

காந்தம் இரும்பை இழுக்கும் என்பது பள்ளிச் சிறாரும் அறிந்த செய்தி. நம் முன்னோர் அதனை அயஸ்காந்தம் என்றும் வழங்கினர். இரும்பு காந்தத்தை நாடுவதுபோல் உயிர் இறைவனை நாடும் எனச் சமயநூலார் உவமை கூறுவதும் உண்டு. ஆயினும் அவ்வுவமையில் வரும் காந்தம் ஊசியையும் ஆணியையும் மெல்ல இழுக்கும் எளிய கல்லேயாம். இக்காலத்து விஞ்ஞானிகள் ஆக்கியிருக்கும் காந்தங்களோ, வேறோர் இனத்தைச் சேர்ந்தவை என்று சொல்லத்தக்க வன்மை வாய்ந்தன. அவற்றைப்பற்றி எழுத நாம் துணிந்தமைக்கு நம் பௌதிக சாலையில் நிகழ்ந்த ஒரு சிறு விபத்தே காரணம்.

சென்ற பருவத்தில் நம் மாணவர் இருவர், பழுதுபட்டுக் கிடந்த கணிப்பொறி ஒன்றைப் பிரித்துப் பார்க்கையில், அதன் ஹார்டு டிஸ்க் என்னும் பெட்டியினின்று பிறைவடிவான இரண்டு காந்தத் துண்டுகளைப் பெயர்த்தெடுத்தனர். அவற்றை எதிரெதிராகப் பிடித்து விளையாட்டாக நெருக்கிக்கொண்டே வந்தனர். நான்கு விரற்கடை இடைவெளியில் இழுப்பு உண்டோ இல்லையோ என்று ஐயுறும்படி இருந்தது. இன்னும் சிறிது நெருக்கினர். கைக்கு மெல்லிய இழுப்புத் தெரிந்தது. அடுத்த கணத்தில் இரண்டும் கையினின்று துள்ளி ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. இடையே அகப்பட்டது ஒருவருடைய சுட்டுவிரல் நுனி. தோல் பிய்ந்தது; நகம் கறுத்தது; இரண்டு வாரம் அவர் எழுதுகோல் பிடிக்க இயலவில்லை. வலி தணிந்தபின் அவர் நம்மிடம் வந்து, "ஐயா, தூரத்தில் ஒன்றுமே செய்யாததுபோல் இருந்ததே, கடைசி விரற்கடையில் மட்டும் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று நாம் கூறிய விடை அவசரத்திற் கூறியது. செவ்விய விடையை இங்கே எழுத முயல்கின்றோம்.

எக்காந்தத்திற்கும் வடமுனை, தென்முனை என இரண்டு முனைகள் உண்டு. இரண்டு காந்தங்களை எதிரெதிரே வைத்தால் அருகிலுள்ள முனைகள் இழுக்க, அவற்றிற்குப் பின்னுள்ள முனைகள் தள்ளும். காந்தங்கள் சேய்மையில் இருக்கும்போது அருகுமுனைக்கும் பின்முனைக்கும் உள்ள தூர வேறுபாடு மிகச் சிறிது. ஆதலின் இழுப்பும் தள்ளுதலும் ஏறக்குறைய ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நெருங்க நெருங்க அருகுமுனையின் கை மேலோங்குகிறது. காந்தத்தின் பருமனை நோக்க இடைவெளி பெரிதாயிருக்கும் வரையில், இடைவெளி பாதியானால் இழுப்பு 16 மடங்காகும். மறுபடியும் பாதியானால் 256 மடங்காகும். மிக நெருங்கியபின் ஏற்றம் இத்துணைக் கடுமையாக இராது என்பது உண்மையே. ஆயினும் அதற்குள் விரல் நசுங்கிவிடும். விளக்கின் ஒளி தூரம் பாதியானால் நான்கு மடங்குதான் மிகும். நம் கண்ணும் கையும் பழகியிருப்பது அத்தகைய படிப்படியான மாறுதலுக்கே. அன்றியும், நெருப்புக்குச் சூடு உண்டு, பாய்ந்து வரும் வண்டிக்கு ஓசை உண்டு. காந்தப் புலத்தை அறியும் பொறியோ மனிதனுக்கு இல்லை. தேடித் தொடும் அளவும் அது நமக்கு இன்மையோடு ஒக்கும்.

நிற்க. இவ்வன்மை வந்த வரலாற்றைச் சிறிது கூறுவோம். ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600-ஆம் ஆண்டில் காந்தத்தைப்பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். வெள்ளைப்பூண்டு பட்டால் காந்தம் வலியிழக்கும் என்று மேனாட்டார் நெடுங்காலம் நம்பிவந்தனர். அதனைச் சோதித்துப் பொய்யெனக் காட்டியவர்களுள் அவரும் ஒருவர். பூண்டும் காந்தமும் எல்லார் வீட்டிலும் கிடைக்கக்கூடியவை. சோதித்துப் பார்க்க எத்தனை நூற்றாண்டு ஆயிற்று என்பதை எண்ணுங்கால் வியப்பே மிகுகின்றது. 1825-இல் வில்லியம் ஸ்டர்ஜன் லாடவடிவான இரும்பின்மீது கம்பியைச் சுற்றி மின்சாரம் பாய்ச்சி மின்காந்தம் செய்தார். அதனைத் திருத்திய அமெரிக்கர் ஜோசப் ஹென்றி, 1831-இல் 2,000 ராத்தலுக்கு மேற்பட்ட பாரத்தைத் தூக்கும் காந்தத்தை யேல் கல்லூரிக்குச் செய்தளித்தார்.

மின்சாரமின்றியே வலிமை நிலைத்திருக்கும் காந்தங்களில் ஜப்பானியரே வழிகாட்டிகள் எனலாம். 1917-இல் கொட்டாரோ ஹோண்டாவும், 1931-இல் டோக்குஷிச்சி மிஷிமாவும் புதிய காந்த உலோகக் கலவைகளைக் கண்டனர். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜான் குரோட்டும், ஒருவர் முயற்சியை ஒருவர் அறியாமலே, நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த காந்தத்தை அடைந்தனர். இதில் 14 இரும்பணுக்களுக்கு 2 நியோடிமியம் அணுக்களும் 1 போரான் அணுவும் உள. காந்த வலியிற் பெரும்பங்கு இரும்பினுடையது. அவ்வலி திசைமாறிச் சிதறாதபடி அதனை ஒரு திக்கிலே கட்டிவைப்பது நியோடிமியத்தின் தொழில். நம் மாணவர் விரலைக் கடித்ததும் இதுவே. காற்றாலைகளிலும் மின்சார வண்டிகளிலும் சுழல்வதும் இதுவே.

இக்காந்தம் பார்வைக்கு எஃகுபோலப் பளபளக்கும். அது நிக்கல் பூச்சே. உள்ளே இருப்பது பொடியை அழுத்திச் சுட்டுச் சேர்த்த பொருள், பீங்கான்போல் நொறுங்குவது. இரண்டு பெருந்துண்டுகள் பாய்ந்து மோதினால் சில்லுகள் கண்ணிலும் தெறிக்கும். அதனைத் துளையிட முயல்வது பெரும்பிழை, அதன் தூள் தீப்பற்றக் கூடியதாதலின். சாதாரண வகை சுமார் 80 பாகை வெப்பத்திற்கு மேற்பட்டால் வலியை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். இருதய இயக்கக் கருவி பொருத்தப்பெற்றவர்கள் இதனை மார்பருகே கொண்டுவருதல் ஆகாது. அருகில் காந்தம் வந்தால் அக்கருவி தன் ஒழுங்கை மாற்றிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டுள்ளது.

விரலினும் கொடிய இடம் ஒன்று உண்டு, அது குடல். மிளகளவான காந்தக் குண்டுகள் விளையாட்டுப் பொருளாக விற்கப்படுகின்றன. குழந்தை ஒரு குண்டை விழுங்கினால் அது பெரும்பாலும் தானே கழிந்துவிடும். இரண்டை வெவ்வேறு சமயத்தில் விழுங்கினாலோ, ஒன்று குடலின் ஒரு மடிப்பிலும் மற்றொன்று வேறொரு மடிப்பிலும் இருக்கும்போது, இரண்டு குடற்சுவர்களை இடையிட்டு அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். குடற்சுவரின் கனம் மிகச் சிறிது. ஆதலின் மேலே கூறிய கணக்கின்படி அங்கே காந்தம் தன் முழு வலியோடு நிற்கிறது. இடைப்பட்ட தசைக்கு இரத்தம் செல்லாது. தசை அழுகித் துளைவிழும். தொடக்கத்தில் குழந்தைக்குச் சாதாரண வயிற்றுவலிபோலவே தோன்றும். எக்ஸ்ரே படத்திலும் இரண்டு குண்டுகள் ஒன்றெனத் தோன்றி மயக்குவதுண்டு. பல குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கு ஆளாயினர். சிலர் இறந்தும் போயினர். சிறுவரும் இளைஞரும் ஆடும் இத்தகைய பொருள்களில் விழுங்கத்தக்க அளவுள்ள வன்காந்தம் இருத்தல் கூடாதென 2022-இல் அமெரிக்க அரசாங்கம் விதி செய்தது. இதனைப் படிக்கும் பழைய மாணவர்களுள் பெற்றோரும் தாத்தாமாரும் பலர் இருப்பர். குழந்தை காந்தத்தை விழுங்கியது என்ற ஐயம் எழுந்தாலே அவர்கள் வலி வரும்வரை காத்திராது அன்றே மருத்துவரிடம் செல்வாராக.

இதே இயல்பைப் பயனாக்கிக்கொண்டவர்களும் உளர். பசு தீனியோடு கம்பியையும் ஆணியையும் விழுங்கிவிடும். அவை இரைப்பையைத் துளைத்து இருதயம்வரை செல்வதும் உண்டு. மேனாட்டுப் பண்ணையார்கள் சுண்டுவிரல் போன்ற வழவழப்பான காந்தம் ஒன்றைப் பசுவையே விழுங்கச் செய்வர். அது இரைப்பையின் முன்னறையிற் சென்று தங்கி, வரும் இரும்பையெல்லாம் தன்னிடம் சேர்த்துக்கொண்டு பசுவின் ஆயுள் முழுதும் அங்கேயே கிடக்கும். இனி, சில குழந்தைகள் உணவுக்குழல் நடுவே அறுபட்டு, மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒட்டாத குறையோடு பிறக்கின்றன. மேற்பாதிக்கு வாய்வழியாக ஒரு காந்தமும், கீழ்ப்பாதிக்கு வயிற்றுவழியாக ஒரு காந்தமும் செலுத்திச் சில நாள் விட்டுவைத்தால், அவை மெல்ல நெருங்கி இடைத்தசையை நசுக்கிக் குழலை இணைத்துவிடும். 2017-இல் அமெரிக்க அரசாங்கம் அம்முறைக்கு அனுமதி அளித்தது. இணைந்த இடம் பின்னர்ச் சுருங்கி மறுபடியும் சிகிச்சை வேண்டப்படுவதுண்டு, முறை குறையற்றதன்று. எனினும் குடலைத் துளைத்த அதே விசை இங்கே குழலைத் தைக்கின்றது.

கையளவான காந்தங்களை விட்டு அறையளவானவற்றிற்கு வருவோம். பூமியின் காந்தப்புலம் ஒரு காஸ் அளவும் இல்லை. அதிற் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவியின் புலமோ 15,000 காஸ், அல்லது 30,000 காஸ். இது கம்பிச்சுருளைத் திரவ ஹீலியத்தில் அமிழ்த்திப் பனிக்கட்டிக்கும் கீழே 269 பாகை குளிரச்செய்து பெறுவது. அந்நிலையில் கம்பிக்கு மின்தடையே இல்லை. ஒருமுறை பாய்ச்சிய மின்சாரம் ஆண்டுக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே, நோயாளி இல்லாதபோதும், விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தியபோதும், ஊர் முழுதும் மின்சாரம் நின்றபோதும் அக்காந்தம் காந்தமாகவே இருக்கிறது. மக்கள் மறந்துவிடுவது இதனையே. 2001-இல் நியூயார்க்குப் பகுதியில் கருவிக்குள் படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், அறைக்குட் கொண்டுவரப்பட்ட பிராணவாயு உருளை பாய்ந்து தாக்கியதால் இறந்தான். 2018-இல் மும்பையில், நோயாளிக்குத் துணையாக வந்த இளைஞர் ஒருவர் அத்தகைய உருளையைச் சுமந்து உள்ளே சென்று, அதனோடு இழுக்கப்பட்டு உயிர்துறந்தார். அறைவாயிலில் நிற்பவருக்கு உருளை வழக்கமான பாரமாகவே தோன்றும். மூன்றடி, நான்கடி உள்ளே செல்வதற்குள் அது தன் பாரத்தினும் பல மடங்கு விசையோடு கையை விட்டு ஓடும். நம் மாணவர் கண்ட கடைசி விரற்கடை இங்கே கடைசி நான்கடி ஆயிற்று. வேறு வேற்றுமை இல்லை.

இவற்றினும் மிக்க புலத்தை முற்காலத்தே கண்டவர் பீட்டர் கபிட்சா என்னும் ருஷியர். அவர் 1920-களில் கேம்பிரிட்ஜில் ரதர்போர்டிடம் பணிபுரிந்தபோது 3,20,000 காஸ்வரை எட்டினார். அத்துணை மின்சாரத்தைச் சுருளில் ஒரு விநாடி விட்டாலும் சுருள் உருகிவிடும். ஆகவே ஒரு விநாடியின் நூற்றிலொரு பங்கே விட்டார். மின்னாக்கியை அவ்வாறு திடீரெனத் தடுக்குங்கால் தரை அதிரும். அவ்வதிர்ச்சி சோதனையைக் கெடுக்கும். இதற்கு அவர் கண்ட உபாயம் மிக எளியது. மின்னாக்கியை 20 மீட்டர் தொலைவில் வைத்தார். அதிர்ச்சி தரைவழியே வந்து சேருமுன் சோதனை முடிந்துவிட்டது!

காந்தத்திற்கு இரும்பு மட்டுமே வசப்படும் என்று எண்ணுதல் பிழை. நீர், மரம், தசை முதலிய பல பொருள்கள் காந்தத்தினின்று மிகமிக மெல்ல விலகும் இயல்பின. இத்தகைய மென்மையான காந்த குணங்களைப் படிகங்களில் அளந்து புகழ்பெற்றவர் கே. எஸ். கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற அவரை நம்போன்ற மிஷன் கல்லூரியார் நம்மவர் என்றே பாராட்டலாம். அவர் 1928 முதல் 1933 வரை டாக்காவில் இருந்தபோது, சிறு படிகத்தை நுண்ணிய படிகக்கல் இழையில் தொங்கவிட்டுக் காந்தப்புலத்தில் நிறுத்தி, இழையைச் சிறிது சிறிதாக முறுக்கினார். முறுக்கு ஓர் அளவைக் கடந்ததும் படிகம் தாங்காது சட்டென்று திரும்பிவிடும். அக்கோணத்தைக்கொண்டு படிகத்தின் வெவ்வேறு திசைகளில் காந்த குணம் எத்துணை வேறுபடுகிறதென்று கணித்தார்.

அவர் இழையில் அளந்த அம்மெல்லிய குணமே, புலம் போதிய அளவு வலிதானால், ஓர் உயிரையும் அந்தரத்தில் நிறுத்தும். 1997-இல் ஹாலந்து நாட்டு நைமேகன் நகரில் ஆந்திரே கைம் என்பாரும் அவர்தம் நண்பர்களும், 1,60,000 காஸ் புலமுள்ள சுருளின் துளைக்குள் ஒரு சிறு தவளையை விட்டனர். தவளையுடலின் பெரும்பகுதி நீர். அந்நீரின் ஒவ்வோர் அணுத்திரளையும் புலம் மேல்நோக்கித் தள்ள, தவளை கீழே விழாமல் காற்றிலே நீந்திற்று. அதற்குத் தீங்கொன்றும் நேரவில்லை. 2000-ஆம் ஆண்டில் இதற்காக அவருக்கு நகைச்சுவைப் பரிசாகிய இக்நோபல் கிடைத்தது. 2010-இல் வேறோர் ஆராய்ச்சிக்காக உண்மையான நோபல் பரிசும் கிடைத்தது.

நம் மாணவருடைய இரண்டு துண்டுகளையும் இப்பொழுது பௌதிக சாலையின் மர அலமாரியில், இடையே கனத்த பலகை வைத்து வைத்திருக்கின்றோம். அவற்றைப் பிரிக்க வேண்டுவோர் நேராக இழுத்தல் ஆகாது; மேசையின் ஓரத்தில் ஒன்றை அணைத்து, மற்றொன்றைப் பக்கவாட்டில் வழுக்கித் தள்ளுக. அலமாரிக்கு அடுத்த மேசையில் வடக்கு நோக்கும் ஊசி ஒன்று பலநாளாகத் தவறாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஊசி பழுதென்று கருதிப் புதிது வாங்க எழுதியும் வைத்திருந்தோம். விரல் நசுங்கிய அம்மாணவரே அதனை இரண்டு முழம் அப்பால் நகர்த்திக் காட்டினார்.