பிடுங்கி எறியும் தும்பையை விதை போட்டு வளர்ப்பது எப்படி?

சலவை வேட்டியைப் பார்த்தால் ‘தும்பைப்பூ மாதிரி வெள்ளை’ என்கிறோம். அந்தப் பூவைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று கேட்டால், பலருக்கும் பதில் வராது.

2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த செம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். காலி மனைகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாகின்றன. வீட்டைச் சுற்றி மிஞ்சும் மண்ணுக்கும் சிமென்ட் பூசிவிடுகிறோம். மழைக்குத் தானாக முளைக்கும் தும்பை எங்கே முளைக்கும்?

களைச்செடிதானே, ஏன் வளர்க்கணும்?

வயலில் அது களைதான். ஆனால் நம் மண்ணுக்கே உரிய செடி, துளசி குடும்பம். நேருக்கு நேர் மோதும் போருக்குத் தொல்காப்பியம் வைத்த பெயரே ‘தும்பை’தான். பூத்தால் தேனீயும் பட்டாம்பூச்சியும் தேடி வரும்.

விதைக்கு எங்கே போவது?

கிளை நுனியிலும் கணுக்களிலும் பூக்கள் உருண்டையாகக் கொத்தாக இருக்கும். பூ உதிர்ந்து, கொத்து வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் காகிதத்தின் மேல் கவிழ்த்துத் தட்டினால் பொடி விதைகள் விழும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். சாலையோரச் செடியில் கொஞ்சம் எடுத்தால் போதும். மிச்சம் அங்கேயே உதிரட்டும். பக்கத்தில்தானே இருக்கிறது என்று நன்மங்கலம் காப்புக்காட்டில் கை வைக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம்.

பசுமைக்குடில் வேணுமா?

குளிர் நாடுகளில் வெப்பத்தைப் பிடித்துவைக்கப் பசுமைக்குடில் கட்டுகிறார்கள். நமக்கு வெயிலுக்கா பஞ்சம்? நான்கு பக்கமும் பாலிதீனால் மூடினால் நாற்று வெந்துவிடும். காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தேங்கினால் நாற்றழுகல் நோயும் வரும். மொட்டைமாடியில் 50 சதவீத நிழல்வலை போதும். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது விதை அடித்துப் போகாமல் இருக்க, மேலே மட்டும் பாலிதீன் கூரை. பக்கங்கள் திறந்தே இருக்கட்டும்.

எப்படி விதைப்பது?

செம்மண், மணல், கொஞ்சம் மட்கிய எரு கலந்து குழித்தட்டில் நிரப்புங்கள். விதையை உலர்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டால் போதும். ஆழமாகப் புதைத்தால் பொடி விதையால் மேலே வர முடியாது. தண்ணீரை ஸ்பிரேயரில் தெளியுங்கள். விதையை எறும்பு தூக்கிப் போகாமல் இருக்க, மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். காட்டுச் செடிகளின் விதைகள் பலவும் ஒரே நாளில் முளைக்காது. ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தட்டைக் கொட்டிவிட வேண்டாம்.

முளைத்த பிறகு?

நான்கைந்து இலை வந்ததும் சின்னப் பைக்கு மாற்றி, தினமும் கொஞ்சம் கூடுதலாக வெயிலில் வையுங்கள். பிறகு வெட்டவெளி மண்ணில் நடலாம். கூடவே ‘இது தும்பை, பிடுங்க வேண்டாம்’ என்று ஒரு பலகையும் வையுங்கள். இல்லையென்றால் வளாகத்தைச் சுத்தம் செய்ய வருபவர் களை என்று பிடுங்கிவிடுவார்.

தும்பை ஒருபருவச் செடி. காய்ந்ததும் பிடுங்காமல் விட்டால் விதை உதிரும். அடுத்த மழைக்கு வலையும் வேண்டாம், தட்டும் வேண்டாம். அந்த இடத்தில் சிமென்ட் மட்டும் போடாமல் இருந்தால் போதும்.