உங்களுக்குத் தெரியுமா? கண்ணுக்குள் வைக்கிற லென்ஸுக்கும் வரி உண்டு!

★ மதுரை வண்டியூர் கண்மாய்ப் பக்கமிருந்து சிவகங்கை சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் வீரபாஞ்சான். அங்கே இருக்கிறது ஆரோலேப் ஆலை. அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமத்தின் அங்கமாக 1992-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. கண்புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸ் அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்துதான் வரும். ஒன்றின் விலை ஏறக்குறைய 100 டாலர். அதை 10 டாலர் அளவுக்கு இறக்கிக் காட்டினார்கள் மதுரைக்காரர்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது கண் லென்ஸுக்கு விதித்த வரி 12 சதவீதம். 2022 ஜூலை 18-இல்தான் அது 5 ஆனது.

★ சர்க்கரை அளவு பார்க்கும் குளுக்கோமீட்டர், அதற்கான ஸ்ட்ரிப், பரிசோதனை கிட், மருத்துவ ஆக்சிஜன், பார்வைக் கண்ணாடி எல்லாம் 12 சதவீதத்தில் இருந்தன. தெர்மாமீட்டருக்கு 18. காய்ச்சல் பார்க்கிற கருவிக்கு 18 சதவீதம் வாங்கியதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் இவை எல்லாவற்றுக்கும் 5 சதவீதம்தான். மிச்சமுள்ள அந்த ஐந்தையும் எடுத்துவிடலாமா என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

★ மருத்துவச் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஸ்டென்ட், ஊசி, ஸ்கேன் கருவி ஒவ்வொன்றையும் ஆஸ்பத்திரி வரி கட்டித்தான் வாங்குகிறது. சிகிச்சைக்கு வரி இல்லாததால், கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. அது கட்டணத்துக்குள் கலந்துவிடுகிறது. பில்லில் அந்த வரி கண்ணுக்குத் தெரியாது. பணம் மட்டும் நம்முடையது. அரசு மருத்துவமனைகளுக்காகத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கும் பொருள்களுக்கும் வரி உண்டு. ஏழைக்கு இலவச வைத்தியம் பார்க்க ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு வரியாகப் போகிறது.

★ 'அப்படியானால் வரியை நீக்கிவிட வேண்டியதுதானே?' அவசரப்படாதீர்கள், ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வரிக்கு முந்தைய விலை 1,000 ரூபாய் உள்ள ஒரு கருவி. அதைச் செய்ய 400 ரூபாய்க்கு மூலப்பொருள். அதற்கு 18 சதவீத வரி 72 ரூபாய். கருவிக்கு 12 சதவீதம் என்றால் வாங்குபவர் தருவது 1,120. 5 சதவீதம் என்றால் 1,050. இந்த இரண்டிலும், மூலப்பொருளுக்குக் கட்டிய 72 ரூபாயை உற்பத்தியாளர் 'இன்புட் கிரெடிட்' ஆகக் கழித்துக்கொள்வார், மீதியிருந்தால் திரும்பக் கேட்பார். கருவிக்கு முழு விலக்கு கொடுத்தால் அந்த 72 ரூபாய் திரும்பாது. அவர் அதை விலையில்தான் ஏற்றுவார். வாங்குபவர் தருவது 1,072!

வரியே இல்லாத பொருள் 5 சதவீத வரி உள்ள பொருளைவிட 22 ரூபாய் அதிகம். வெளிநாட்டில் செய்து வரும் கருவிக்கு இந்தச் சுமை இருக்காது என்பதால் உள்ளூர்த் தொழிற்சாலைக்கு இரட்டை அடி. சக்கர நாற்காலிக்கு ஏன் 5 சதவீதம் என்று மாற்றுத்திறனாளிகள் 2017-இல் கொதித்துக் கேட்டபோது மத்திய நிதியமைச்சகம் சொன்ன பதில் இதுதான். கணக்கு சரி. ஆனால், அதற்கு ஒரே தீர்வு 5 சதவீதம்தான் என்பதை நான் ஏற்கவில்லை.

★ ஏனென்றால் மூன்றாவது வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. ஏற்றுமதியாகும் பொருளுக்கு வரியும் கிடையாது, மூலப்பொருளுக்குக் கட்டியதும் திரும்பக் கிடைக்கும். அதாவது, வீரபாஞ்சானில் செய்த லென்ஸ் கடல் கடந்து போனால் வரிச்சுமை இல்லை. மதுரைக் கிழவி ஒருத்தியின் கண்ணுக்குள் போனால் 5 சதவீதம். அதே சலுகையை உள்ளூர் நோயாளிக்கும் கொடுங்கள் என்பதே என் வாதம். மேலே போட்ட கணக்கில் விலை சரியாக 1,000 ரூபாயில் நிற்கும்.

★ 2021 கொரோனா அலையின்போது இந்த விவாதம் சூடு பிடித்தது. வரி விகிதங்களை முடிவு செய்யும் ஜிஎஸ்டி கவுன்சிலின் தலைவர், மதுரையில் பிறந்த மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். தமிழ்நாட்டின் சார்பில் போனவர், அன்று மதுரை மத்திய தொகுதி எம்.எல்.ஏ.வும் மாநில நிதியமைச்சருமாக இருந்த பழனிவேல் தியாகராஜன். முழு விலக்கு கொடுத்தால் விலை கூடும் என்றார் மத்திய அமைச்சர். கடைசியில் ஜூன் 12 கூட்டத்தில் வென்டிலேட்டர், ஆக்சிஜன் செறிவூட்டி, பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆகியவற்றுக்கு 12-இலிருந்து 5 ஆனது. அதுவும் செப்டம்பர் 30 வரைதான்.

★ அதே ஆண்டு மே மாதம், சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வரும் ஆக்சிஜன் செறிவூட்டிக்கு 12 சதவீத வரி போட்டது செல்லாது என்றது டெல்லி உயர் நீதிமன்றம். வழக்குப் போட்டவருக்கு வயது 85. ஜூன் 1-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது.

★ 2020 பட்ஜெட்டில், இறக்குமதியாகும் பல மருத்துவக் கருவிகள்மீது 5 சதவீத 'ஹெல்த் செஸ்' வந்தது. பின்தங்கிய மாவட்டங்களில் ஆஸ்பத்திரி கட்ட இந்தப் பணம் என்றார்கள். ஆஸ்பத்திரி கட்டுவது நல்ல காரியம். அதற்கு நோயாளியிடமா கை நீட்டுவது?

★ அமெரிக்காவிலும் இந்தச் சண்டை நடந்தது. ஒபாமா கால மருத்துவச் சட்டத்தின் செலவுக்காக 2013-இல் மருத்துவக் கருவிகள்மீது 2.3 சதவீத வரி போட்டார்கள். 2016-இல் நிறுத்தி வைத்தார்கள். 2019 டிசம்பரில் அடியோடு நீக்கினார்கள்.

★ இங்கே ஜிஎஸ்டியை மத்திய அரசால் தனியாக நீக்க முடியாது. கவுன்சில் ஓட்டில் மத்திய அரசின் எடை மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு இரண்டு பங்கு. எதற்கும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். ஆகவே சென்னைக்கும் பொறுப்பு இருக்கிறது, டெல்லிக்கும் இருக்கிறது.

★ வரி குறைந்தும் விலை குறையவில்லையா? 2025 செப்டம்பர் 22-க்கு ஏற்ப எம்.ஆர்.பி.யைத் திருத்த உற்பத்தியாளர்களுக்கு உத்தரவு உண்டு. அடுத்த முறை ஸ்ட்ரிப் வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். 5 சதவீதத்துக்கு மேல் போட்டிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.