கண்ணுக்குத் தெரியாத புழுவின் வயது

யானைக்கால் நோயைத் தரும் புழு மனித உடலுக்குள் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும்? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான், ஆனால் நேரடியாகப் பார்த்து விடை சொல்ல வழி கிடையாது. ஊச்சரேரியா பாங்க்ராஃப்டி என்பது அந்தப் புழுவின் பெயர். பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், ஆண் புழு சுமார் 4. நிணநீர்க் குழாய்களுக்குள் ஒளிந்து வாழும். உடலின் சில பகுதிகளில் அது நெளிவதை அல்ட்ராசவுண்ட் கருவி காட்டும். ஆனால் ஒரு புழு உள்ளே வந்த நாளையும் அது செத்த நாளையும் எவரும் குறித்து வைக்க முடியாது.

சராசரி ஆயுள் சுமார் 10 ஆண்டு என்ற மதிப்பீடு 2004இல் 'பாரசைட்டாலஜி' என்ற ஆய்விதழில் வெளியானது. அதைச் சொன்னது ஒரு கணினி மாதிரி. அந்தக் கணினிக்குக் கொடுத்த எண்கள் எல்லாம் புதுச்சேரி மக்களின் விரல் நுனியில் இருந்து ராத்திரி வேளையில் எடுத்த ரத்தத் துளிகளில் எண்ணியவை.

புதுச்சேரியில் இருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே போனால் ரெட்டியார்பாளையம், இன்று உழவர்கரை நகராட்சிக்குள் வீடுகள் நெருங்கி நிற்கும் பகுதி. அங்கிருந்து வடக்கே கோரிமேட்டுப் பக்கம் திரும்பினால் இந்திரா நகரில் வி.சி.ஆர்.சி. இருக்கிறது. நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் தொடங்கிய நிலையம் அது. உலகத்தில் யானைக்கால் நோய்க்காக உருவான முக்கியமான கணினி மாதிரிகளில் இரண்டு இந்த நிலையத்தின் எண்களை வைத்தே வளர்ந்தவை. எபிஃபில் என்பது ஒன்று, 1998இல் வெளிவந்தது. இன்னொன்று நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் உள்ள எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த லிம்ஃபாசிம். நம் ஊரில் இது பலருக்குத் தெரியாமலே போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

கதை சாக்கடையில் தொடங்குகிறது. இங்கே இந்த நோயைப் பரப்புவது க்யூலெக்ஸ் கொசு, அழுக்குத் தண்ணீரில் முட்டையிடும் சாக்கடைக் கொசு. மூடாத வாய்க்கால், செப்டிக் டேங்க், கழிவுக் குழி, பாழடைந்த கிணறு எல்லாம் அதற்குப் பிறந்த வீடு. நிலையத்தின் முதல் இயக்குநர் பி.கே.ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரத்தில் ஐந்தாண்டுக் கொசு ஒழிப்புத் திட்டம் ஒன்று நடந்தது. பூச்சிமருந்தை மட்டும் நம்பாமல், வாய்க்கால்களைச் சீர்செய்து, கழிவுக் குழிகளின் நீர்ப்பரப்பைத் தெர்மாகோல் மணிகளால் மூடி, கொசு பிறக்கும் இடத்திலேயே அதைத் தடுத்த திட்டம். தொடக்கத்தில் ஓர் ஆளை ஓராண்டில் ஏறத்தாழ 26,000 கொசுக்கள் கடித்தன என்று கணக்கிட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு 70க்கு மேல். திட்டத்தின் முடிவில் அது சுமார் 3,600 ஆனது, நாளைக்குப் பத்து.

கொசு இவ்வளவு குறைந்தால் நோயும் உடனே குறைய வேண்டும் என்று தோன்றும். குறையவும் செய்தது, ஆனால் கொசு குறைந்த வேகத்தில் இல்லை. உடலுக்குள் ஏற்கெனவே குடியேறிய புழுக்களை வெளியே நடக்கும் கொசு ஒழிப்பு எதுவும் செய்யாது. அவை தம் ஆயுள் முடியும்வரை மைக்ரோபைலேரியா என்ற நுண்குஞ்சுகளை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அப்படியானால், புதுப் புழு வருவது பெரும்பாலும் நின்ற ஓர் ஊரில் நுண்குஞ்சுகள் எவ்வளவு மெதுவாகக் குறைகின்றன என்று அளந்தால், பழைய புழுக்கள் எவ்வளவு மெதுவாகச் சாகின்றன என்பதும் அதற்குள் இருக்க வேண்டும். பார்க்க முடியாத ஆயுளைக் கணக்கிடும் வாசல் இங்கேதான் திறந்தது.

ஆனால் அந்த அளவை அவ்வளவு நம்பகமானது அல்ல. நுண்குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நுண்குழாய்களுக்குள் பதுங்கிக்கொண்டு, ராத்திரி பத்து மணியில் இருந்து இரண்டு மணிவரை வெளி ரத்தத்தில் மிகுதியாகச் சுற்றும். கொசு கடிக்கும் நேரமும் அதுதான். ஆகவே ஆய்வாளர்கள் பொழுது சாய்ந்த பிறகு வீடு வீடாகப் போய்த்தான் விரலில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். எடுப்பது 20 மைக்ரோலிட்டர், ஒரு சிறு துளி. ஒருவர் உடலில் துளிக்குச் சராசரியாக ஒரு நுண்குஞ்சு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவை ரத்தத்தில் சீராகக் கலந்திருந்தால்கூட, நூறு துளிகளில் சுமார் 37 துளிகளில் ஒன்றுகூட அகப்படாது. நோய்த் தொற்று உள்ளவருக்கு 'இல்லை' என்று முடிவு வந்துவிடும். அடுத்த முறை அதே ஆளுக்கு 'உண்டு' என்று வந்தால் அது புதுத் தொற்றா, போன முறை தவறவிட்டதா?

இப்படி ஓட்டை நிறைந்த எண்களில் இருந்து உண்மையை எடுக்கத்தான் கணினி மாதிரி. லிம்ஃபாசிம் செய்வது, கணினிக்குள் ஒரு கற்பனை ஊரைக் குடியேற்றுவது. அங்கே ஆட்கள் பிறக்கிறார்கள், வளர்கிறார்கள், சாகிறார்கள். ஒவ்வோர் ஆளையும் எத்தனை கொசு கடிக்கும் என்பது வயதைப் பொறுத்தும் ஆளைப் பொறுத்தும் மாறும். கடியில் வந்த இளம்புழு பிழைத்து வளருமா என்பதைத் தாயக்கட்டை உருட்டுவது போல மாதா மாதம் கணினி உருட்டிப் பார்க்கும். ஆண் புழுவும் பெண் புழுவும் ஒரே உடலில் சேர்ந்திருந்தால்தான் நுண்குஞ்சு பிறக்கும். கடைசியில் கற்பனை மனிதரின் விரலிலும் குத்தி, கற்பனைத் துளியை எடுத்து, அதிலும் தவறவிட வேண்டிய அளவு தவறவிட்டு எண்ணும். அந்த எண்கள் நிஜப் புதுச்சேரியின் எண்களோடு ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பார்கள். வரவில்லையா, புழுவின் ஆயுளையோ பிழைக்கும் வாய்ப்பையோ கொஞ்சம் மாற்றி மறுபடி ஓட்டுவார்கள். கற்பனை விரலில் குத்தி எண்ணும் அந்தப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நிஜத்தில் நடக்கும் தவறையும் கற்பனை ஊருக்குள் வைத்ததால்தான் இரண்டு ஊர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது.

ஆள் ஆளாகக் கற்பனை மக்களை வளர்க்கும் இந்த முறை மருத்துவத்தில் பிறந்தது அல்ல. கை ஆர்கட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1957இல் முன்வைத்த யோசனை அது. நாட்டின் மொத்த வருமானம், மொத்தச் செலவு என்று பெரிய கூட்டுத்தொகைகளை வைத்துக் கணக்கிடாமல், தனித்தனிக் குடும்பங்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்தால் ஒரு வரி மாற்றம் யாரை எப்படித் தொடும் என்று தெரியும் என்றார் அவர். இன்றும் பல நாடுகள் வரியையும் ஓய்வூதியத்தையும் அப்படி ஓட்டிப் பார்க்கின்றன. ரோட்டர்டாம்காரர்கள் அதே வழியில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஆற்றுக் குருட்டு நோய்க்கு ஆன்கோசிம் என்ற மாதிரியைச் செய்தார்கள். அதன் தம்பிதான் லிம்ஃபாசிம்.

புதுச்சேரியில் திட்டத்துக்கு முன்பும் பின்பும் ரத்தம் பார்க்கப்பட்ட 5,071 பேரின் எண்களை வி.சி.ஆர்.சி.யின் எஸ்.சுப்பிரமணியன், ரோட்டர்டாமின் வில்மா ஸ்டோல்க் உள்ளிட்ட குழு இந்த மாதிரிக்குள் விட்டது. அங்கே ஒரு முடிச்சு விழுந்தது. இந்த ஊரில் ரத்தத்தில் நுண்குஞ்சு உள்ளவர்களின் விகிதம் குழந்தைப் பருவத்தில் இருந்து ஏறி, இளவயதில் உச்சத்தைத் தொட்டு, அதன்பின் இறங்குகிறது. வயது கூடக் கூடக் கொசுக்கடியும் கூடித்தானே இருக்கும்? புழு மட்டும் ஏன் குறைய வேண்டும்? உடலில் எதிர்ப்பு சக்தி உருவாவதே இல்லை என்று வைத்து ஓட்டிய மாதிரியால் இந்த இறக்கத்தைக் கொண்டுவர முடியவில்லை. உள்ளே நுழையும் இளம்புழுவை உடல் எதிர்க்கிறது என்று வைத்தால் ஒத்துவந்தது. வளர்ந்த புழு குஞ்சு ஈனுவதை உடல் தடுக்கிறது என்று வைத்தாலும் ஒத்துவந்தது. இரண்டில் எது சரி என்று அந்த எண்களால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஏதோ ஒரு வகை எதிர்ப்பு இருக்க வேண்டும், அதைத் தூண்டுவது நின்றுவிட்டால் சுமார் பத்தாண்டில் அது பாதியாகிவிடும் என்பதுவரை மாதிரி சொன்னது. தெரிந்ததைச் சொல்லி, அதற்கு மேல் போகாமல் நின்ற அந்த எல்லைக்கோட்டை நான் மதிக்கிறேன்.

புழுவின் சராசரி ஆயுள் சுமார் 10 ஆண்டு என்பதும் அதே ஓட்டத்தில் கிடைத்த விடைதான். இதே ஊரின் எண்களை வேறு முறையில் கணக்கிட்டபோது இதைவிடக் குறைந்த ஆயுள் வந்ததும் உண்டு. எந்த மாதிரியும் தனக்குள் வைத்த அனுமானங்களின் மேல்தான் நிற்கிறது. அதனால்தான் அதற்கு ஒரு பரீட்சை வேண்டும். கொசு ஒழிப்பு நின்று 3 ஆண்டு கழித்தும் 6 ஆண்டு கழித்தும் புதுச்சேரியில் மீண்டும் ரத்தம் பார்த்திருந்தார்கள். திட்டம் நின்ற பிறகும் நுண்குஞ்சு உள்ளவர்களின் விகிதம் இன்னும் இறங்கும் என்றது மாதிரி. அந்த இரண்டு ரத்தப் பரிசோதனைகளிலும் அப்படியே இறங்கியிருந்தது.

இந்த விடையின் பலம் எங்கே தெரிகிறது என்றால், பத்தாண்டு வாழும் புழுவுக்கு ஐந்தாண்டுத் திட்டம் அதன் ஆயுளில் பாதிதான். திட்டம் முடிந்த கையோடு ரத்தம் பார்த்து 'இவ்வளவுதான் பலனா?' என்று கேட்டால் கேள்வியின் நேரமே தவறு. பலனில் பெரும்பங்கு அப்போது இன்னும் வந்துசேரவில்லை. ஆண்டுக் கணக்கை மார்ச் மாதத்தில் மூடிவிடும் நிர்வாகங்கள் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

கொசு ஒழிப்பை மட்டும் நம்பி அத்தனை ஆண்டு காத்திருக்க முடியாது என்பதால் மாத்திரை வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2000இல் உலகளாவிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் 2004இல் இருந்து நோய் உள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை, பிறகு அதோடு அல்பெண்டசோலும். இலங்கை இந்த வழியில் முன்னேறி 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றுவிட்டது. ஐவர்மெக்டினையும் சேர்த்து மூன்று மருந்தாகக் கொடுக்கும் முறைக்கு அந்த நிறுவனம் 2017இல் பரிந்துரை தந்தது. இந்தியா தனக்கு வைத்திருக்கும் இலக்கு 2027.

எத்தனை ஆண்டு மாத்திரை கொடுத்தால் போதும் என்று கணக்கிட, புதுச்சேரிக்குப் பொருத்திய அதே லிம்ஃபாசிமைத்தான் 2003இல் ஸ்டோல்க் குழு ஓட்டிப் பார்த்தது. விடை ஒற்றை எண் அல்ல. மருந்தின் வீரியம், தொடக்கத்தில் ஊரில் இருந்த நோயின் அளவு, மக்களில் எத்தனை பேர் விழுங்குகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன.

மூன்றாவதுதான் நம் கையில் இருப்பது, அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. மொத்த மக்களில் 65 சதவீதம் பேர் விழுங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 1,000 பேர் உள்ள ஒரு பகுதியில் வருடா வருடம் 650 பேர் விழுங்குகிறார்கள், தவறவிடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குலுக்கிப் போட்டது போல மாறுகிறார்கள் என்று கொள்வோம். ஐந்தாண்டு முடிவில் ஒருமுறைகூட விழுங்காதவர்கள் சுமார் 5 பேர்தான் மிஞ்சுவார்கள். தவறவிடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அதே ஆட்களாக இருந்தால் 350 பேர் மிஞ்சுவார்கள். அரசுப் பதிவேட்டில் இரண்டு ஊருக்கும் 65 சதவீதம் என்றுதான் எழுதியிருக்கும். ஓர் ஊரில் நோய் அடங்கும், மற்றதில் அந்த 350 பேரின் ரத்தத்தில் இருந்து சாக்கடைக் கொசு மறுபடி எடுத்துக்கொண்டு போகும்.

ஊழியர் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கச் சொல்வது, வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு விழுங்கியதாகக் கணக்கில் ஏறுவதைத் தடுக்கும். ஆனால் இந்த 350 பேர் யார் என்பதை அது சொல்லாது. அதற்கு, "இதுவரை ஒருமுறையாவது சாப்பிட்டிருக்கீங்களா?" என்று வாசலில் நின்று கேட்டு, ஆள் ஆளாகப் பதிய வேண்டும். வேலைக்குப் போனதால் பகலில் அகப்படாதவர், வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர், பயந்து மறுப்பவர் என்று காரணத்தோடு அந்தப் பட்டியல் இருந்தால், அடுத்த சுற்றில் ஊழியர் சாயங்காலம் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பது முதல் எத்தனை சுற்று மிச்சம் என்பதுவரை கணக்கிட்டுவிடலாம். மாதிரி தயாராக இருக்கிறது. அதற்கு இப்போது மிகவும் தேவைப்படுவது அந்த ஒரு பட்டியல்தான்.