பிரேக் பிடிக்கையில் எழும் ஒலி

முதுமையுற்ற மோட்டார் வண்டி தன் நோயை ஒலியாற் சொல்லும். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமாகி, இலங்கை வீதிகளில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனர் இதற்குத் தக்க சான்றாகும். பிரேக்கை மிதித்ததும் முன்புறத்தில் ‘டக்’கென்று கேட்பின் நேயர்கள் அதனை அலட்சியஞ் செய்தலாகாது.

ஒலி எத்தனை முறை எழுகின்றது என்பதே முதலிற் கவனிக்கத்தக்கது. சில்லு சுழலுந்தோறும் தொடர்ந்து கேட்டு, வேகங் குறைய அதுவுந் தளருமாயின், சில்லின் நட்டுகள் தளர்ந்திருக்கலாம். பிரேக் ட்றம் வட்டங் குன்றியிருக்கலாம். மிதித்தவுடன் ஒருமுறையும், பின்னோக்கிச் செலுத்தி மிதிக்கையில் மற்றொருமுறையுங் கேட்குமாயின், ஏதோவோர் உறுப்பு தன் நிலையினின்று அசைகின்றது என்பது பொருள்.

முன்சில்லைத் தாங்கும் கீழ்ப்புயத்தை முன்பின் நகராது பிடித்திருப்பது ஓர் இரும்புத் தண்டு. அதன் நுனியிலுள்ள இறப்பர் வளையங்கள் நைந்துவிடின் ஒலி பிறக்கும். புதிய வளையங்களை இட்டால் இக்குறை தீரும்.

இதனினும் அஞ்சத்தக்கது ‘ட்ரனியன்’ என்னும் திருகுபுரி மூட்டு. கிறீஸ் இன்றேல் அது தேயும். தேய்ந்து கழன்றால் சில்லு மடிந்து வண்டி சாய்ந்துவிடும். முன்புறத்தை உயர்த்தி, உறுதியான தாங்கிகள் மீது நிறுத்தி, சில்லின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பற்றி அசைத்துப் பார்த்தல் வேண்டும். வேறொருவர் பிரேக்கை மிதித்திருக்கவும் அசைவு எஞ்சுமாயின், குற்றம் பெயரிங்கில் அன்று, மூட்டிலேயே உள்ளது.

ஒலி கேட்ட வண்டியைக் கடுகண்ணாவை இறக்கத்துக்குக் கொண்டுசெல்லுமுன் கராஜுக்குக் கொண்டுசெல்வதே அறிவுடைமை.