மீதி ஆறு வாற்று

பெரியநீலாவணைக் கரையிலிருந்து கடலுக்குப் போகும் படகு, கைப்பேசிக் கோபுரத்தின் எல்லையைத் தாண்டிவிட்டால் அடுத்த படகோடு கதைக்க வோக்கிடோக்கிதான் துணை. அதை வாங்கியவர்கள் பலருக்கும் வரும் சந்தேகம் ஒன்று: கதைக்கக் கதைக்க இது ஏன் இப்படிச் சுடுகிறது? பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் கருவியில் குறை எதுவும் இருக்காது.

ஒரு சின்னக் கணக்கு. கையடக்கக் கருவியின் பற்றரி பொதுவாக 7.4 வோல்ற். பேசும் பொத்தானை அமுக்கியதும் ஏறத்தாழ 1.5 அம்பியர் ஓடுகிறது. பெருக்கினால் 11 வாற்று. அன்டெனா வழியே வானலையாக வெளியேறுவது 5 வாற்று. மீதி 6 வாற்றும் கருவிக்குள்ளேயே வெப்பமாகிறது, அதிலும் பெரும்பங்கு அன்டெனாவுக்கு முன்னால் நிற்கும் ஒரேயொரு திரான்சிஸ்டரில். கொடுக்கிற மின்சாரத்தில் பாதியையோ, அதற்குச் சற்றுக் கூடவோதான் அதனால் அலையாக மாற்ற முடியும்.

கரையில் பொருத்தும் பெரிய கருவிக்கு அலுமினியத் தகடுகளும் விசிறியும் இருக்கும். உப்புத் தண்ணீர் புகாமல் அடைத்த கையடக்கக் கருவியில் காற்றுப் போக ஓட்டையே கிடையாது. உள்ளேயிருக்கும் அலுமினியச் சட்டம் வெப்பத்தை வாங்கிப் பின்புறத்துக்குக் கடத்த, அங்கிருந்து உங்கள் உள்ளங்கை வாங்கிக்கொள்கிறது. வெப்பம் வெளியேற வெளிக்காற்று குளிர்ந்திருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதற்கு வழியேது? அணியத்துப் பலகையில் வெயில் காய்ந்து கிடந்த கறுப்புக் கருவி, பேசத் தொடங்குமுன்னரே பாதிச் சூட்டில் இருக்கிறது.

இந்தக் கருவிகள் பண்பலை முறையில் இயங்குகின்றன. அதாவது, நீங்கள் உரக்கக் கத்தினாலும் பொத்தானை அமுக்கியபடி பேசாமல் இருந்தாலும் ஒரே அளவு சக்திதான் வெளியேறும். என்ன சொல்வதென்று யோசிக்கிற நேரமும் கொதிக்கிற நேரமே. பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்லும்போது, நேரத்தில் நூற்றுக்கு 5 பங்கு பேசுவது, 5 பங்கு கேட்பது, 90 பங்கு சும்மா இருப்பது என்றுதான் வழக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மூன்று நிமிடப் பேச்சு! நம்மூர்க் கதைகளுக்கு அது எந்த மூலைக்கு?

நான் அதிகம் அஞ்சுவது அன்டெனாவைப் பற்றித்தான். ஆபத்தில் உதவி கேட்கும் கடல்சார் 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹேர்ட்ஸ், அதன் அலைநீளம் ஏறத்தாழ 1.9 மீற்றர். அன்டெனா அந்த அளவுக்கு இசைவாக இல்லாவிட்டால் சக்தியில் ஒரு பங்கு வெளியே போகாமல் திரும்பி, ஏற்கெனவே சூடான அதே திரான்சிஸ்டரில் விழுகிறது. வேறு கருவியின் அன்டெனாவை மாட்டினாலும், அடிப்பகுதி தளர்ந்தாலும், உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு ஏறினாலும் இதுதான் நடக்கும். அன்டெனாவே இல்லாமல் பொத்தானை அமுக்கினால் திரான்சிஸ்டர் எரிந்துபோகலாம். 1941இல் அமெரிக்க இராணுவத்துக்காகச் செய்யப்பட்ட எஸ்சிஆர்-536 என்ற கையடக்கக் கருவியில் இதற்கொரு அழகான ஏற்பாடு இருந்தது: தனி ஆளி கிடையாது, அன்டெனாவை வெளியே இழுத்தால்தான் கருவியே உயிர்பெறும். இரண்டு கிலோவுக்கு மேல் எடையிருந்த அதன் சக்தி அரை வாற்றும் இல்லை.

சூட்டைக் குறைக்கச் சக்தியை 1 வாற்றுக்கு இறக்கிப் பேசச் சொன்னால், 5 வாற்று இருக்கும்போது அது எதற்கு என்று கேட்பார்கள். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறவை. இரு படகுகளிலும் அன்டெனா தண்ணீருக்கு மேல் 2 மீற்றர் உயரத்தில் இருந்தால், பூமியின் வளைவு ஏறத்தாழ 12 கிலோமீற்றரில் மறித்துவிடும். அதற்கப்பால் சக்தியைக் கூட்டிக் கிடைப்பது கொஞ்சம். அன்டெனாவை உயர்த்திக் கிடைப்பதே அதிகம். கிட்ட நிற்கும் படகுக்கு 1 வாற்றே தெளிவாகக் கேட்கும். வெப்பம் ஐந்திலொன்றாகக் குறைந்துவிடாது, குறைந்த சக்தியில் திரான்சிஸ்டரின் திறனும் குறைந்துவிடும். ஆனாலும் வித்தியாசத்தைக் கை உணரும்.

பேசாதபோதும் சுட்டால் கதை வேறு. பற்றரி வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீங்கியிருந்தால் மறுபடி சார்ஜ் போட வேண்டாம். அல்லது வலைக்கும் பலகைக்கும் இடையில் பொத்தான் அமுங்கிக் கிடக்கலாம். அப்படியானால் கருவி சுடுவது சின்ன விஷயம். 16ஆம் அலைவரிசையில் அந்தப் பகுதியில் இருக்கும் எவராலும் உதவி கேட்க முடியாமல் போகும். சில நிமிடங்களில் ஒலிபரப்பைத் தானே நிறுத்தும் வசதி பல கருவிகளில் உண்டு. சிலவற்றில் அதை நாம்தான் இயக்கிவைக்க வேண்டும். வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.