கல்லீரல் புற்றுக்குள் காவல் செல்கள் ஏன் நுழைவதில்லை?

கல்லீரல் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ரேலா மருத்துவமனை இருக்கும் குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை, ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசல் முற்றினால் ஆம்புலன்ஸும் நகராது. கல்லீரல் புற்றுக்கட்டிக்குள்ளும் இதே கதைதான். ஆக்சிஜன் போதாத கட்டி, விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து அவசரமாக ரத்தக்குழாய்களை முளைக்கவைக்கிறது. அவை கோணல்மாணலாக வளர்ந்து கசிகின்றன. நோயெதிர்ப்பு டி செல்கள் ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்க அவற்றில் பிடிமானம் குறைவு. போதாக்குறைக்கு, எதிர்ப்பை அடக்கும் செல்களையும் அதே புரதம் வரவழைக்கிறது. ஆக, ரத்தக்குழாய் கட்டிக்கு உணவுப்பாதை மட்டுமல்ல, வாயிற்கதவும்கூட.

விஇஜிஎஃப்-ஐத் தடுத்து இந்தக் குழாய்களை அடைத்தால் டி செல்லும் மருந்தும் எப்படி உள்ளே போகும்? நியாயமான கேள்வி. முழுக்க அடைத்தால் ஆக்சிஜன் மேலும் குறைந்து நிலைமை மோசமாகலாம். அளவோடு தடுத்தால் எஞ்சிய குழாய்கள் சீராகும் என்று 2001-இல் வாதிட்டார் புற்றுநோய் ஆய்வாளர் ராகேஷ் ஜெயின். 2020-இல் வெளியான, 501 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், விஇஜிஎஃப்-ஐத் தடுக்கும் பெவாசிசுமாப், நோயெதிர்ப்பைத் தட்டியெழுப்பும் அட்டிசோலிசுமாப் இரண்டையும் பெற்றவர்களில் 67.2 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தனர். பழைய மருந்தான சோராஃபெனிப் பெற்றவர்களில் 54.6 சதவீதத்தினர். இந்த வித்தியாசம் முழுவதும் குழாய் சீரானதால் வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. பெவாசிசுமாப் ரத்தக்கசிவை உண்டாக்கலாம் என்பதால், உணவுக்குழாயில் புடைத்த நாளங்கள் உண்டா என்று எண்டோஸ்கோப்பியில் முன்பே பார்ப்பதும் அவசியம். ஆனாலும் காவலரை எழுப்புவதோடு அவர் வரும் வழியையும் திருத்த வேண்டும் என்ற வாதத்துக்கு அந்த ஆய்வு வலுச்சேர்க்கிறது.